உப்புக் கரிக்கும் வியர்வையும் விரைந்தோடும் நாடியும்

கல்முனைக் கரையோரத்து மக்களுக்கு உப்பு புதியதொரு பொருளன்று. கடற்காற்றிலே உப்பு உண்டு. மருதமுனையில் தறி நெய்வோரின் நெற்றியிலும், சாய்ந்தமருதில் தோணி தள்ளுவோரின் தோளிலும் வியர்வையாக வழிவதும் உப்பே. ஆகவே, பேரப்பிள்ளையைக் கொஞ்சி முத்தமிடும் மூத்தம்மா, பிள்ளையின் நெற்றி உப்புக் கரிக்கிறது என்று கூறினால், வீட்டார் அதனைக் கடற்காற்றின் வேலையென்று எண்ணி நகைத்துவிடுவர். ஆயினும், அப்பிள்ளை பிறந்த சில மாதங்களிலிருந்து ஓயாது இருமிக்கொண்டும், நன்றாக உண்டும் உடல் தேறாமலும், வெயில் நாளிலே நாடி படபடக்கத் துவண்டும் காணப்படுமாயின், மூத்தம்மாவின் சொல் நகைத்து மறக்கத்தக்கதன்று. அது வைத்தியரின் காதில் விழவேண்டிய சொல்லாகும்.

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது ஒரு பரம்பரை நோய். உடலின் உயிர்க்கலங்களில் குளோரைட்டு என்னும் உப்புக்கூற்றை இடம்பெயரச் செய்யும் வாயில்கள் உள்ளன. அவை வயல் வாய்க்காலின் மதகு போன்றவை. மதகு திறந்தால் நீர் பாயும். அடைபட்டால் வயல் வரளும். இந்நோயிலே அம்மதகு பழுதுற்றுவிடுகின்றது. நுரையீரலின் குழாய்களில் உப்பு வெளிவராமையால் அதனைத் தொடர்ந்து வரவேண்டிய நீரும் வருவதில்லை; சளி பசைபோல் இறுகிக் கிருமிகளுக்கு உறைவிடமாகின்றது. சதையியின் குழாய்கள் அடைபடுவதால் செரிமானச் சாறுகள் குடலை அடைவதில்லை. கொழுப்பு செரியாமல் மலத்தோடு வெளியேறுகின்றது. வியர்வைச் சுரப்பியிலோ நிலைமை மறுதலையானது. வெளிவரும் வியர்வையிலிருந்து உப்பை உடலுக்கு மீட்டுக் கொடுப்பதே அங்கு மதகின் பணி. அப்பணி நடவாமையால் வியர்வையுடன் உப்பும் வீணே வழிந்தோடுகின்றது. நெற்றி கரிப்பதன் காரணம் இதுவே.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு வெப்ப நாட்டவர் அறிந்திருக்க வேண்டியதொன்று. நியூயோர்க் நகரின் குழந்தைகள் வைத்தியசாலையில் பணியாற்றிய டொரதி அண்டர்சன் என்னும் பெண் வைத்தியர், 1938ஆம் ஆண்டில் இந்நோயைத் தனியொரு நோயாகப் பிரித்தறிந்து விவரித்தார். பத்து ஆண்டுகள் சென்றபின், 1948ஆம் ஆண்டின் கோடையில் அந்நகரைக் கடும் வெப்ப அலையொன்று தாக்கிற்று. வெப்பத்தால் மயங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிற் பலர் இந்நோயுடையவராக இருந்தமையை வைத்தியர்கள் கவனித்தனர். அக்குழந்தைகள் ஏன் மற்றவரினும் எளிதில் வெப்பத்துக்கு இரையாயினர் என்ற வினாவை விடாது பற்றிய போல் டி சாந்தாக்னீசே என்பவரும் அவருடைய தோழர்களும், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953ஆம் ஆண்டில் நிறுவிக் காட்டினர். 1959ஆம் ஆண்டில் கிப்சன், குக் என்னும் இருவர் வியர்வையைச் சேகரித்து அளக்கும் முறையொன்றை வகுத்தனர். வியர்வையின் ஒரு லீற்றரில் குளோரைட்டு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்பட்டிருப்பின் இந்நோய் எனக் கொள்ள இடமுண்டு. 30க்குக் குறைந்தால் நோய் இருத்தல் அரிது. ஊசி குத்தாது, இரத்தம் எடுக்காது செய்யப்படும் இப்பரிசோதனையே இன்றும் நோயறிதலுக்கு அடிப்படையாக விளங்குகின்றது.

ஒரு நகரத்தின் சில நாள் வெப்பமே அத்துணைத் தீங்கு செய்யுமாயின், ஆண்டின் பெரும்பகுதியும் வெயில் காயும் அம்பாறைக் கரையில் வாழும் நோயாளியின் நிலை எவ்வாறிருக்கும்! நெடுங்காலமாக இந்நோய் ஐரோப்பிய இனத்தவர்க்கே உரியதென்று எண்ணப்பட்டு வந்தது. இந்தியாவில் ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை 1968ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. இன்று தென்னாசியாவில் இந்நோய் உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால், இங்கு இது தொய்வு என்றோ, காசநோய் என்றோ, சத்துக்குறைவு என்றோ தவறாகக் கொள்ளப்பட்டு ஆண்டுகள் கழிந்துவிடுதல் உண்டு.

இனி, இந்நோயுடையார்க்கு இதயம் விரைந்தடிப்பது ஏன் என்பதை ஆராயலாம். நாடியைக் கொண்டு நோயை உணரும் கலை கிழக்குக் கரைக்குப் பழகிய கலை. யூனானி மருத்துவம் போற்றும் பேரறிஞர் இப்னு சீனா, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய மருத்துவப் பெருநூலில் நாடியின் இயல்புகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். நாடி பேசும் என்று பரியாரிமார் கூறுவதன் உட்பொருள் இன்றைய மருத்துவத்துக்கும் உடன்பாடானதே. வளர்ந்த ஒருவர் ஓய்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அடிக்கும். கைக்குழந்தைக்கு 100 முதல் 160 வரை செல்வது இயல்பு. வயது ஏற ஏற இத்தொகை குறையும். ஓய்விலும் இவ்வெல்லையைத் தாண்டி நாடி ஓடுமாயின், அது உடலின் ஏதோவொரு குறையை அறிவிக்க வந்த தூதன் எனக் கொள்ளல் வேண்டும்.

அத்தூதனை அனுப்பும் காரணங்கள் பல. முதலாவது, உப்பும் நீரும் குறைதல். வியர்வையில் உப்பு வெளியேற இரத்தத்தின் கனவளவு சுருங்குகின்றது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு உடல் முழுவதையும் பேண இதயம் விரைகின்றது. கைக்குழந்தைகளுக்கு இதனுடன் பொட்டாசியமும் குறைந்து, இதயத்தின் ஒழுங்கே கெடக்கூடும். இரண்டாவது, ஒட்சிசன் குறைவு. சளி அடைத்த நுரையீரல் போதிய ஒட்சிசனைக் கொடாவிடத்து, கிடைத்ததை விரைந்து விநியோகிக்க இதயம் முயல்கின்றது. நோய் முதிர்ந்தோரில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்புறம் களைப்படைதலும் உண்டு. மூன்றாவது, கிருமித்தொற்றும் காய்ச்சலும். உடல்வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ பத்துத் துடிப்பு மிகும். நான்காவது, மருந்து. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் சற்று நேரம் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். அசித்திரோமைசின், சிப்ரொபுளொக்சசின் முதலிய கிருமிகொல்லிகள் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம். இரத்தச்சோகையும் அச்சமும் எஞ்சிய காரணங்களாகும்.

காரணம் பலவாதலின் பரிகாரமும் பலவாகும். இவ்விடத்திலேயே பெரிய தவறொன்று நிகழக்கூடும். நாடியின் வேகத்தையே நோயென்று கருதி, வீட்டிலுள்ள முதியவருக்குக் கொடுக்கப்பட்ட புரோப்பிரனலோல் போன்ற மாத்திரையைப் பிள்ளைக்கும் கொடுத்துப் பார்ப்போம் என எண்ணுவோர் உளர். அம்மாத்திரை நாடியைத் தணிக்கும். ஆனால் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடவும் கூடும். உப்பிழந்து வாடும் உடலில் இதயத்தின் வேகமே உயிரைத் தாங்கி நிற்கையில், அவ்வேகத்தை அடக்குதல் தூதனின் வாயை அடைப்பதை ஒக்கும். அவ்வாறே, படபடப்புக்கு அஞ்சி மூச்சு மருந்தைத் தாமாகவே நிறுத்துதலும் தகாது. எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டி, அவர் சொற்படி நடத்தலே முறை.

வீட்டார் செய்யத்தக்கது நாடியை எண்ணப் பழகுதல். காலையில் எழுமுன், பெருவிரலின் அடிப்புறமாக மணிக்கட்டில் இரு விரல்களை மெல்ல வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுதல் வேண்டும். அத்தொகையையும், அன்றைய காய்ச்சல், சளியின் நிறம், உண்ட மருந்து ஆகியவற்றையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் குறித்து வந்தால், அப்பிள்ளைக்கு இயல்பான நாடி எது என்பது சில வாரங்களிற் புலப்படும். அவ்வியல்பினின்றும் எவ்வளவு விலகியுள்ளது என்பதே வைத்தியருக்குப் பயன்தரும் செய்தி. ஓடி விளையாடும்போது நாடி விரைவது தீங்கன்று. வைத்தியர் அனுமதிக்கும் அளவில் நடத்தலும் விளையாடுதலும் சளியை இளக்கி நெஞ்சை உரமாக்கும்.

கச்சான் காற்று அனலென வீசும் மாதங்களிலே உப்பைப் பற்றிய எச்சரிக்கை மிகவும் தேவை. இரத்த அழுத்தமுள்ள மூத்தவாப்பாவிற்கு உப்பைக் குறைக்கும்படி கூறும் அதே வைத்தியர், அதே வீட்டிலுள்ள இப்பிள்ளைக்கு உப்பைக் கூட்டும்படி கூறுவார். ஒரே கறிச்சட்டியால் இருவருக்கும் நன்மை செய்ய இயலாது. பிள்ளைக்குரிய உப்பைத் தனியே சேர்த்தல் வேண்டும். எவ்வளவு என்பதை வயதும் எடையும் நோக்கி வைத்தியரே வரையறுப்பார். வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடிப்பது இழந்த உப்பை ஈடுசெய்யாது. இளநீரிற் பொட்டாசியம் மிகுதி. இவர்களுக்கு வேண்டிய சோடியமோ குறைவு. பொதியில் குறித்த அளவு நீரிற் கரைத்த ஜீவனியும், உப்பிட்ட தேசிக்காய்ச் சாறும், உப்புக் கஞ்சியும் உதவும்.

நோன்பு மாதத்திலே இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. பருவமடையாப் பிள்ளைகளுக்கு நோன்பு கடமையன்று. நோயாளிக்கும் மார்க்கம் விலக்கு அளித்துள்ளது. தீராத நோயுடையார் ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் பித்யா என்னும் வழியும் உண்டு. ஆயினும், தோழர் யாவரும் நோன்பிருக்கத் தாம் மட்டும் உண்ண நாணி, பதினாறு வயது இளைஞனொருவன் நீரும் உப்பும் மருந்துமின்றிப் பகற்பொழுதைக் கழிக்கத் துணியலாம். அவனுடைய நாணத்தைப் போக்குதல் உம்மாவும் வாப்பாவும், உஸ்தாதும், ஆசிரியரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி.

உதடு நீலம் பாரித்தல், ஒரு வாக்கியத்தை முடிக்கவியலாத மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, மயக்கம், ஓயாத வாந்தி, சிறுநீர் அற்றுப்போதல் ஆகியவற்றுள் யாதாயினும் ஒன்று விரைந்த நாடியுடன் சேருமாயின் வீட்டிற் காத்திருத்தல் ஆகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நாடிக் கொப்பியையும் மருந்துப் பட்டியலையும் உடன் கொண்டுசெல்ல மறத்தலாகாது.

இந்நோயைப் பற்றிப் பேசுமிடத்து மணவினையைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் குடிமுறை தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் மணம் செய்யாமை மரபு. மாமி மகளை அல்லது மாமா மகளை மணப்பதோ விரும்பப்படும் மரபு. குடி வேறாயினும் குருதி வேறன்று. ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ள இந்நோயின் பரம்பரை அலகு 1989ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. பழுதுற்ற அலகு ஒன்றை மட்டும் உடையவர் நோயின்றி வாழ்வார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டனாரின் பேரர் இருவர் மணக்கையில், இருவரும் அதே அலகைச் சுமந்திருக்கும் வாய்ப்பு பெருகுகின்றது. அயலார் மணத்திலும் இது நேரலாம். ஆதலின் உறவு மணமே குற்றமென்று பழித்தல் பொருந்தாது. பழுது இருபுறத்திலிருந்தும் சமமாக வருவதால் மருமகளைக் குறைகூறுதல் அறியாமை. ஒரு குடும்பத்தில் இந்நோய் கண்டபின், அதே குடும்பத்துள் அடுத்த திருமணம் பேசுமுன் வைத்திய ஆலோசனை பெறுதலே அறிவுடைமை.

டொரதி அண்டர்சன் இந்நோயை விவரித்த காலத்தில் நோயுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதை அடையவில்லை. இன்று ஐக்கிய அமெரிக்காவில் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைக்கு 60 ஆண்டுக்கு மேற்பட்ட ஆயுள் கணிக்கப்படுகின்றது. பழுதுற்ற மதகையே சீர்செய்யும் மருந்துகள் 2012ஆம் ஆண்டு முதல் வரத் தொடங்கின. 2019ஆம் ஆண்டில் மூன்று மருந்துகளின் கூட்டொன்றும் அங்கு அனுமதி பெற்றது. அவ்வாண்டில் அதன் விலை அந்நாட்டில் ஆண்டுக்கு மூன்று இலட்சம் டொலர் அளவினதாக இருந்தது. நெசவாளியின் வீட்டுக்கும் மீனவரின் வீட்டுக்கும் அது எட்டாத தொலைவில் நிற்கின்றது. தென்னாசியர் பலரிடம் காணப்படும் பரம்பரைப் பழுது ஐரோப்பியரிடம் மிகுந்து காணப்படும் பழுதினின்று வேறுபடுவதால், அம்மருந்து எல்லார்க்கும் பயன்படுவதுமன்று.

ஆயினும், அண்டர்சன் காலத்துக்கும் புதிய மருந்தின் காலத்துக்கும் இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் நோயாளிகளின் ஆயுளைப் படிப்படியாக வளர்த்தவை எளிய பணிகளே. முதுகைத் தட்டிச் சளியை வெளியேற்றுதல், செரிமானத்துக்கான நொதியை உணவுடன் கொடுத்தல், கொழுப்பும் உப்பும் செறிந்த உணவு, கிருமித்தொற்றைக் காலத்தோடு கண்டு மருந்து கொடுத்தல் ஆகியன அவை. இவற்றுட் பலவற்றைச் செய்ய உம்மாவின் கைகளும், வாப்பாவின் பொறுமையும், ஒரு பயிற்சிக் கொப்பியும் போதும். மூத்தம்மாவின் நாவில் பட்ட உப்பைக் கேட்டறிந்து, பிள்ளையின் மணிக்கட்டில் ஓடும் நாடியை எண்ணிக் குறித்து, இரண்டையும் வைத்தியரிடம் காலந்தாழ்த்தாது எடுத்துரைக்கும் வீடு, அப்பிள்ளையின் வாழ்நாளுக்குத் தன்னால் இயன்ற காவலைச் செய்த வீடாகும்.