ஹாப் பெல்லட்: உடையும் பைகளும் சுருங்கும் வளையமும்

முழு ஹாப் பூவுக்குப் பதிலாக பெல்லட் போட்டால் பியரின் தரம் குறையுமா என்று இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர். தமிழ்நாட்டில் இது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமமே வேண்டியதில்லை. அங்கே கடைகளில் ஒரே ரக ஹாப் இரண்டு வடிவில் விற்கிறது. ஒன்று, காய்ந்த பச்சைக் கூம்புகளாக உள்ள முழுப் பூ. மற்றொன்று, அதை அரைத்து அழுத்திய, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு குச்சிகள். முதல் பொட்டலத்தில் ‘இயற்கையானது’ என்றும் இரண்டாவதில் ‘செறிவானது’ என்றும் போட்டிருக்கும். இரண்டும் விற்பதற்கான சொற்கள். கொதிக்கும் பானைக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஹாப் கொடியில் ஆண், பெண் தனித்தனி. பியருக்கு வேண்டியது பெண் கொடியின் கூம்பு. அதைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதுதான் லுபுலின். தூள் என்று தோன்றினாலும் ஒவ்வொரு துகளும் மெல்லிய தோல் மூடிய ஒரு பை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இருக்கும். உள்ளே பிசினும் மண எண்ணெயும் இருக்கின்றன. பியரின் கசப்பும் ஹாப் மணமும் வருவது பெரும்பாலும் இந்தப் பைகளிலிருந்துதான். ஆகவே பெல்லட்டா முழுப் பூவா என்ற கேள்வி, இந்தப் பையை எப்போது, எங்கே உடைக்கிறோம் என்ற கேள்விதான்.

பெல்லட் ஆலையில் பை முன்கூட்டியே உடைகிறது. உலர்ந்த கூம்புகளைச் சுத்தியல் ஆலையில் பொடியாக்கி, துளைகள் உள்ள இரும்பு அச்சின் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். அழுத்தத்தில் பைகள் பிளந்து, பிசின் இதழ்த் தூள் முழுக்க மெழுகிக்கொள்கிறது. சூடு ஏறினால் மணம் போய்விடும் என்பதால் அச்சைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பார்கள். பரவலாக விற்கும் டி-90 வகை பெல்லட் இதுதான்.

ரசத்துக்கு மிளகைத் தட்டிப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முழு மிளகும் கொதிக்கக் கொதிக்கக் காரத்தை விடும். ஆனால் தோலைத் தாண்டி வர நேரமாகும். பாதிக் காரம் உள்ளேயே தங்கி, மிளகோடு இலையோரம் ஒதுக்கப்பட்டுவிடும். தட்டிய மிளகின் காரமோ போட்டதுமே இறங்கிவிடும். முழுக் கூம்புக்கும் பெல்லட்டுக்கும் இதே உறவுதான். இன்னும் நீட்டிப் பார்க்கலாம். தட்டிய மிளகு ரசத்தின் அடியில் மண்டியாகப் படியும். கரண்டியை ஆழ விடாமல் தெளிவை மட்டும் மொள்ளுவோம். பெல்லட் போட்ட பானையிலும் அதே மண்டி உண்டு, தெளிவை எடுக்க அதே பொறுமையும் வேண்டும். தட்டிப் போடும்போது மிளகைச் சற்றுக் குறைப்பதுபோல பெல்லட்டையும் குறைக்கலாம்.

ஆனால் பிசின் பையைவிட்டு வந்துவிட்டால் மட்டும் பியர் கசந்துவிடாது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்களில் முக்கியமானது ஹியுமுலோன். அது மால்ட் (முளைவிட்ட தானியம்) சாற்றில் சரியாகக் கரையாது, அந்த நிலையில் அவ்வளவாகக் கசப்பும் கிடையாது. அதன் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த ஒரு வளையம் இருக்கிறது. கொதிநிலையில் அந்த ஆறில் ஒன்று வளையத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்டுப் பக்கக் கிளையில் போய் நிற்கிறது. மற்ற ஐந்தும் நெருங்கிச் சிறு வளையமாகின்றன. இப்போது அது ஐசோஹியுமுலோன். 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் என்று அணுக் கணக்கு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றே. எதுவும் சேரவில்லை, எதுவும் கழியவில்லை. ஒரே ஓர் அணு இடம் மாறியதில், கரையாதது கரைகிறது, கசக்காதது நாக்கில் நிற்கும்படி கசக்கிறது. நாம் பியர்க் கசப்பு என்று அறிவது இந்தச் சுருங்கிய வளையத்தைத்தான்.

இந்த மாற்றத்தை நடத்துபவை சூடும் நேரமும். கொதிநிலையில்கூட நேரம் ஆக ஆகத்தான் கணிசமாக நடக்கும். 70 டிகிரியில் மிக மெதுவாகவே நகரும். அரைப்பதும் அழுத்துவதும் பிசினைச் சாற்றிடம் சீக்கிரம் சேர்க்கின்றன, அவ்வளவே. வளையத்தைச் சுருக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. இதற்கு ஆலையிலேயே சான்று உண்டு. ‘ஐசோமரைஸ்டு’ பெல்லட் என்று தனியாக ஒரு வகை விற்கிறார்கள். பொடியோடு மக்னீசியம் ஆக்சைடு கலந்து, பெல்லட்டாக்கி, சுமார் 50 டிகிரி வெதுவெதுப்பில் பல நாட்கள் வைத்தால்தான் அதில் வளையம் சுருங்கும். அழுத்தினாலே போதும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு?

‘செறிவானது’ என்ற சொல்லைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 5 சதவீதம் ஆல்ஃபா அமிலமுள்ள முழு ஹாப் 30 கிராமை 20 லிட்டர் சாற்றில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறோம் என்று கொள்வோம். உள்ளே போகும் ஆல்ஃபா அமிலம் 1,500 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 75. மாறாமல் நின்றது, புரத மண்டியில் ஒட்டியது, ஈஸ்ட் இழுத்துக்கொண்டது எல்லாம் போக, வீட்டுப் பானையில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் பியரில் தங்கும். லிட்டருக்கு 19 மில்லிகிராம் என்று வையுங்கள். கசப்பு அலகில் அது ஏறத்தாழ 19. பெல்லட் இதைவிடச் சுமார் 10 சதவீதம் கூடத் தரும் என்பது காய்ச்சுபவர்களின் வழக்கமான கணக்கு. அப்படியானால் 21. இந்த இரண்டு அலகு வித்தியாசத்தை நாக்கு பிடிப்பது அரிது. ஒரே ரகத்தின் ஆல்ஃபா அளவே ஆண்டுக்கு ஆண்டு இதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹாப்புக்குப் பானம் கெடாமல் காக்கும் குணம் உண்டு என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் துறவி ஹில்டெகார்ட் எழுதினார். பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் பியருக்குரிய பொருள்களில் ஹாப்பையும் சேர்த்தது. பல நூற்றாண்டுகள் மூட்டை மூட்டையாக முழுக் கூம்புதான் பயணம் செய்தது. பெல்லட் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, இன்று பெரும்பாலான பியர் ஆலைகளைப் பிடித்துவிட்டது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை நெடுங்காலம் முழுக் கூம்பையே நம்பிப் பெயர் வாங்கியதும் உண்மை. அதற்கேற்ற கருவிகளும் அங்கே இருந்தன.

கருவி என்பதை வீட்டில் காய்ச்சுபவரும் கவனிக்க வேண்டும். முழுக் கூம்பு பானையின் அடியில் மெத்தையாகப் படிந்து, தானே வடிகட்டியாகிவிடும். அடியில் சல்லடையும் குழாயும் உள்ள பானைக்கு இது பெரிய உதவி. ஆனால் அது தன் எடையைப்போலப் பல மடங்கு சாற்றைக் குடித்துவிடும். பெல்லட் இழக்கும் சாறு குறைவு. அதன் நுண்தூளோ சல்லடையை அடைத்துவிடும். பெல்லட் போடுபவர்கள் சாற்றைச் சுழல விட்டு, மண்டி நடுவில் குவிந்த பிறகு ஓரத்திலிருந்து வடிப்பது நல்லது. மெல்லிய துணிப்பையில் கட்டிப் போடுவதும் உதவும்.

சேமிப்புக்கு வரும்போது மிளகு உவமை உதவாது. பொடித்த மிளகு டப்பாவில் வாசனை இழக்கும், முழு மிளகு தாங்கும். ஹாப்பில் நடைமுறை இதற்கு நேர்மாறு. பெல்லட் நெருக்கி அழுத்தப்பட்டு, காற்றை நீக்கி நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் படல உறையில் வருகிறது. முழுக் கூம்பின் இதழ்களுக்கு இடையிலோ எங்கும் காற்று. ஆக்சிஜன் பட்டால் ஆல்ஃபா அமிலம் குறையும், எண்ணெய் மணம் மாறும், கடைசியில் பழைய பாலாடைக்கட்டி வாடை வரும். ‘இயற்கையானது’ என்று விற்கும் பொட்டலம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் அறைச் சூட்டில் கிடந்தால் அதை வாங்காதீர்கள். புதிதாக, காற்றுப் புகாமல், குளிரில் வைத்த முழுக் கூம்பு அருமையான பொருள். கடையில் அது அப்படிக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

நொதித்து முடிந்த பியரில் மணத்துக்காக ஹாப் போடும்போது உடைந்த பைகளின் லாபம் தெளிவாகத் தெரியும். அங்கே கொதிப்பு இல்லை, எண்ணெய் வெளியே வர வேறு உதவியும் இல்லை. முழுக் கூம்பு மிதக்கும், எடை கட்டி அமிழ்த்த வேண்டும். பெல்லட் கரைந்து இறங்கி, பெரும்பகுதி மணத்தை ஓரிரு நாளில் கொடுத்துவிடும். இரண்டு வடிவிலும் ஓர் ஆபத்து உண்டு. ஹாப்பில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைத்து நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் 1893-லேயே இதைப் பதிவு செய்தார்கள். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். ஹைட்ரோமீட்டர் அளவு பல நாட்கள் அசையாமல் நின்ற பிறகே மூடி போடுங்கள்.

ஆகவே வாசகருக்கு என் பதில்: பெல்லட்டால் பியர் கெடாது. வீட்டில் காய்ச்சும் பெரும்பாலோருக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு. வாங்கும்போது பொட்டலத்தில் அறுவடை ஆண்டையும் ஆல்ஃபா சதவீதத்தையும் பாருங்கள். பிரித்த பொட்டலத்தில் காற்றை நீக்கி ஃப்ரீசரில் வையுங்கள். முழுக் கூம்புக்கு எழுதிய செய்முறையில் கசப்புக்கு 30 கிராம் என்றிருந்தால், அதே ஆல்ஃபா சதவீதமுள்ள பெல்லட்டில் 27 கிராம் போதும்.