எடை எழுதாத கேஸ் ஷீட்

நோயாளிக்கு ஊட்டக்குறைவு இருக்கிறதா என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா? வருவார்கள் என்றது டொராண்டோவில் டெட்ஸ்கி குழுவினர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு. எடை எவ்வளவு இறங்கியது, சாப்பாடு எப்படி என்று விசாரித்து, தசையையும் தோலடிக் கொழுப்பையும் தொட்டுப் பார்த்து, நல்ல ஊட்டத்துக்கு ஏ, நடுத்தரக் குறைவுக்கு பி, கடும் குறைவுக்கு சி என வகைப்படுத்தும் முறையை அது சோதித்தது. 91 சதவீதம் ஒத்துப்போனது. ஆனால் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. நூற்றுக்கு 80 பேரை ‘நல்ல ஊட்டம்’, மீதியை ‘குறைவு’ என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் 68 பேர் விஷயத்தில் தற்செயலாகவே ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிக்க, கோஹன் 1960-ல் தந்த காப்பா அளவை இருக்கிறது. டொராண்டோவில் அது 0.78, நல்ல மதிப்பெண்தான்.

எலும்பும் தோலுமாக இருப்பவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. இழுபறியெல்லாம் நடுவில் இருக்கும் ‘பி’யில்தான். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பழைய எடை. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஊட்டக்குறைவைக் கண்டறிவதற்கான 2019-ன் கிளிம் (GLIM) வரையறை. இன்று 57.5 கிலோ இருப்பவர், முன்பு 60 இருந்ததாகச் சொன்னால் இறக்கம் 4 சதவீதம்தான். 62 என்று மனைவி சொன்னால் 7-ஐத் தாண்டுகிறது. யாரிடம் கேட்டார்கள் என்பதிலேயே இருவர் முடிவும் மாறிவிடுகிறது. இதை மருத்துவரின் கைத்திறன் குறை என்பது அநியாயம். ரத்தத்தில் ஆல்புமின் பார்த்தால் போதாதா என்பவர்கள் உண்டு; அழற்சி வந்தாலே அது இறங்கிவிடும் என்பதால் அந்த வழி உதவாது.

என் கவலை தராசைப் பற்றியது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் 500 நோயாளிகளைப் பார்த்த 1994-ன் ஆய்வில் 200 பேருக்கு ஊட்டக்குறைவு இருந்தது. அவர்களில் பாதிப் பேரின் குறிப்பில்கூட ஊட்டம் பற்றி ஒரு வரி இல்லை. எடை பார்க்க வார்டில் நேரமில்லை என்ற பதிலை ஏற்க முடியவில்லை. நிற்க முடியாதவருக்குக்கூட மேற்கையின் சுற்றளவை டேப்பால் எடுக்கலாம். அதைவிட மோசம், நிறுத்துப் பார்க்காமல் ‘சுமார் 55’ என்று எழுதுவது. அடுத்து வருபவரும் அதையே பார்த்து எழுதினால் காப்பா உயரத்தான் செய்யும். கால் வீங்கிய சிறுநீரக நோயாளிக்கு அந்த 55-ல் எத்தனை கிலோ நீர் என்று இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள்.