பாடகனை உலகம் கண்டது. கணவனை அவள் கண்டாள்

பங்குத் திருவிழாவின் கலை நிகழ்ச்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேடையில் ஒருவர் கிதாரை ஏந்திப் பாடுகின்றார். கோவில் முற்றத்தில் அமர்ந்திருக்கும் மக்களுக்கு அவர் ஒரு பாடகர். ஆனால் மூன்றாம் வரிசையில், மடியில் உறங்கும் குழந்தையோடு அமர்ந்திருக்கும் பெண்ணுக்கோ அவர் கணவர். காலையில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததும், மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்ததும், மாலையில் புறப்படும்போது வீட்டில் எழுந்த சிறு பிணக்கும் அவளுக்கு மட்டுமே தெரியும். இரண்டாம் சரணத்தின் முதற்சொல் அவருக்கு மறந்துவிடுமோ என்று அவளுடைய உதடுகள் அச்சொல்லை முன்னதாகவே முணுமுணுக்கின்றன. கைதட்டல் எழும்போது அவள் உள்ளத்தில் பெருமை பொங்குகின்றது. உடனே ஓர் அச்சமும் தோன்றுகின்றது: இந்தக் கைதட்டல் அவரை நம்மிடமிருந்து கொண்டு போய்விடுமோ?

அந்த முற்றம் ஒரு மாபெரும் விளையாட்டரங்காகவும், அந்தக் கூட்டம் உலகமாகவும் மாறிவிட்டால் அவளுடைய நிலை என்ன? இதற்கு விடை தேட அயர்லாந்து நாட்டுத் தம்பதியர் இருவரின் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

ஒரே பள்ளியில் இரு தொடக்கங்கள்

'யு-2' என்னும் ராக் இசைக்குழுவின் பெயரை நம் இளைஞர் பலர் அறிவர். அதன் பாடகரைப் போனோ என்று உலகம் அழைக்கின்றது. அவருடைய இயற்பெயர் பால் ஹியூசன். 1960-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை கத்தோலிக்கர், தாய் அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் புரொட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். இரு சபையாருக்கும் இடையே கசப்பு நிறைந்திருந்த நாட்டில், அக்குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை இரண்டாகப் பிரிந்தது. தாய் பிள்ளைகளைத் தம் ஆலயத்திற்கு அழைத்துச் செல்வார். தந்தை திருப்பலிக்குச் செல்வார். 1974-இல், தம் சொந்தத் தந்தையின் அடக்கச் சடங்கின்போது அத்தாய் மயங்கி விழுந்தார். சில நாட்களில் இறந்தார். மகனுக்கு அப்போது வயது பதினான்கு.

தாயை இழந்த அச்சிறுவன் படித்த மவுன்ட் டெம்பிள் பள்ளியில் அலிசன் ஸ்டூவர்ட் என்னும் மாணவியும் படித்தாள். 1976-ஆம் ஆண்டு, லாரி மல்லன் என்ற மாணவர் இசைக்குழு அமைக்க ஆட்கள் வேண்டுமென்று அப்பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். அந்தத் தாளிலிருந்து பிறந்ததே யு-2. பால், அலிசன் இருவரின் நட்பு காதலாக மலர்ந்ததும் அக்காலத்திலேதான். 1982 ஆகஸ்டில் அவர்கள் திருமணம் செய்துகொண்டனர். ஆக, அலிசன் ஒரு புகழ்பெற்ற பாடகனை மணந்து கொண்டவர் அல்லர். தம்மோடு படித்த ஒருவனை மணந்து, அவன் புகழ் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த வேறுபாடு பெரிது.

பன்னிரண்டு நிமிடப் பாடல்

1984-ஆம் ஆண்டு அக்டோபரில் எத்தியோப்பியாவின் கொடும் பஞ்சத்தைத் தொலைக்காட்சி வழியாக மேலைநாடுகள் கண்டு திடுக்கிட்டன. அம்மக்களுக்கு உதவும் பொருட்டு, பாப் கெல்டாப், மிட்ஜ் யூர் என்னும் இரு இசைவாணர்கள் முன்னின்று, 1985 ஜூலை 13 அன்று 'லைவ் எய்ட்' எனும் இசைப் பெருவிழாவை நடத்தினர். இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் கூடினர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதனினும் பெருங்கூட்டம். நூறு கோடிக்கும் மேற்பட்டோர் செயற்கைக்கோள் வழியாகக் கண்டனர் என்று மதிப்பிடப்பட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் இருபது நிமிடமே. நேரம் முடிவதை உணர்த்த, சாலையில் இருப்பதைப் போன்ற பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் மேடையில் வைக்கப்பட்டிருந்தன.

யு-2 குழு மூன்று பாடல்களைத் திட்டமிட்டு வந்தது. முதலாவது 'சண்டே பிளடி சண்டே'. 1972 ஜனவரி 30, ஞாயிறன்று, வட அயர்லாந்தின் டெரி நகரில் குடிமை உரிமைகள் கேட்டு ஊர்வலம் சென்ற மக்கள் மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்ட துயரத்தை நினைவூட்டி, வன்முறையை மறுக்கும் பாடல் அது. இரண்டாவது 'பேட்'. டப்ளின் இளைஞர்களைச் சீரழித்த ஹெராயின் எனும் போதைப்பொருளின் பிடியைப் பற்றியது. மூன்றாவதாக, எல்லோரும் அறிந்த வெற்றிப் பாடலைப் பாடி முடிப்பதாக ஏற்பாடு.

ஆனால் இரண்டாம் பாடலின் நடுவே போனோ முன்வரிசைக் கூட்டத்தைக் கண்டார். நெரிசலில் ஓர் இளம்பெண் நசுங்கிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே தூக்குமாறு காவலர்களுக்குச் சைகை காட்டினார், அவர்களுக்குப் புரியவில்லை. உடனே மேடையிலிருந்து கீழ்த்தளத்திற்கும், அங்கிருந்து தரைக்கும் குதித்தார். வெளியே கொண்டுவரப்பட்ட அப்பெண்ணை அணைத்துக்கொண்டு, நடுங்கும் குழந்தையைத் தாய் ஆற்றுவதுபோல் மெல்ல அசைந்து ஆடினார். அவர் தம் உயிரைக் காத்தார் என்று அப்பெண்ணே பல ஆண்டுகளுக்குப் பின் கூறினார்.

மேடையில் நின்ற தோழர் மூவருக்கோ தங்கள் பாடகன் எங்கே போனான் என்பதே தெரியவில்லை. அதே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தனர். பாடல் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் நீண்டது. மூன்றாம் பாடலுக்கு நேரமே இல்லை! உலகமே பார்த்திருந்த வேளையில் பெரும் வாய்ப்பைக் கெடுத்துவிட்டான் என்று தோழர்கள் சினந்தனர். தாமே எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டதாகப் போனோவும் நம்பினார்; குழுவை விட்டு விலகிவிடலாமோ என்றுகூட எண்ணினார். பின்னர், அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் அவர் சந்தித்த ஒரு சிற்பி, அந்தக் குதிப்பைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து வெண்கலத்தில் ஓர் உருவம் வடித்துக்கொண்டிருப்பதாகக் கூறியபோதே, மக்கள் அதைத் தவறாகக் கொள்ளவில்லை என்று அவர் உணர்ந்தாராம்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை இங்கே நாம் நினைவுகூர்வது இயல்பே. ஆயினும் ஒரு மனைவியின் கண்ணால் இதைப் பார்ப்போம். கணவன் மேடையில் நிற்கையில், அவள் முன்வரிசையில் இருந்தாலும், திரைமறைவில் இருந்தாலும், வீட்டில் தொலைக்காட்சியின் முன் இருந்தாலும், அவள் காண்பது ஊரார் காண்பதன்று. இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் முன்பின் அறியாத ஒரு பெண்ணைக் கணவன் அணைத்துக்கொள்வதைக் கண்டு, 'இது என் கணவரின் இரக்கம்' என்று உணர்வதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! அந்த நம்பிக்கை மேடையில் உண்டாவதில்லை. இல்லத்தில் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வது.

கூடாரத்தில் ஒரு மாதம்

மேடையில் தோன்றும் இரக்கம் மெய்யானதுதானா? பாட்டும் விளக்கும் அணைந்த பின்னரே அது தெரியவரும். லைவ் எய்ட் முடிந்து சில மாதங்களுக்குள், இருபத்தைந்து வயதுப் போனோவும் இருபத்துநான்கு வயது அலிசனும் எத்தியோப்பியாவுக்குப் புறப்பட்டனர். செய்தியாளர்களுக்கு அறிவிக்கவில்லை. வொல்லோ மாநிலத்தில் அஜிபார் என்னுமிடத்து உணவு முகாமில், ஒரு கூடாரத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கித் தொண்டாற்றினர்.

விடியற்காலையில் கூடாரத்தின் வாயிலைத் திறந்தால், மூடுபனி விலக விலக, இரவெல்லாம் நடந்து வந்த மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாய்த் தோன்றுவார்களாம். சிலர் தங்கள் குழந்தைகளை முகாமின் வேலியருகே விட்டுச் செல்வார்கள். அவற்றுள் சில உயிரற்றுக் கிடக்கும். ஒரு நாள் ஒரு மனிதர் தம் மகனைப் போனோவின் கைகளில் கொடுத்து, தம்மோடு இருந்தால் இப்பிள்ளை இறந்துவிடுவான், ஆதலால் எடுத்துச் செல்லுங்கள் என்று வேண்டினார். முகாம் விதிகளின்படி மறுக்க வேண்டியதாயிற்று. அந்த மறுப்பின் வேதனை தம்மை விட்டு அகலவில்லை என்று போனோ பலமுறை கூறியுள்ளார்.

அங்கே அவர்கள் செய்த பணி மிக எளியது. தூய்மை, உடல்நலம் பற்றிய சிறு நாடகங்களையும் பாடல்களையும் அமைத்துக் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். வெம்பிளியில் எழுபதாயிரம் பேர் முன் பாடியவர், புழுதியில் அமர்ந்து, கை கழுவுவதைப் பற்றிப் பாடினார். இம்முறை மனைவி பார்வையாளர் அல்லர். அவரும் அப்பணியில் பங்காளி. அந்தக் குழந்தைகளுக்கோ அவ்விருவரும் யாரென்றே தெரியாது. காதில் வளையமும் முகத்தில் தாடியும் கொண்ட போனோவைத் 'தாடி வைத்த பெண்' என்று அழைத்துச் சிரித்தார்களாம்!

அந்த அனுபவம் வீண்போகவில்லை. லைவ் எய்ட் திரட்டிய 20 கோடி டாலரை, ஆப்பிரிக்க நாடுகள் பழைய கடன்களுக்காகச் சில நாட்களிலேயே திருப்பிச் செலுத்திவிடுகின்றன என்பதைப் பின்னர் அறிந்து போனோ அதிர்ந்தார். அதனால் ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரும் ஜூபிலி இயக்கத்தில் ஈடுபட்டார். 1999 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலைக் காஸ்டல் கந்தோல்போவில் சந்தித்தார். அப்போது போனோவின் நீலக் கண்ணாடியைத் திருத்தந்தை வாங்கித் தம் கண்களில் அணிந்து குறும்பாகப் புன்னகைத்தது பலரும் அறிந்த நிகழ்ச்சி.

மறந்துபோன பிறந்த நாள்

இவர்கள் இல்லறம் பிணக்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம். இசைத்தட்டுப் பதிவு வேலையில் மூழ்கியிருந்த போனோ ஒருமுறை மனைவியின் பிறந்த நாளையே மறந்துவிட்டார். நம் வீடுகளிலும் நிகழாததா! அதற்குப் பரிகாரமாக ஒரு பாடல் எழுதினார். 'ஸ்வீட்டெஸ்ட் திங்' என்பது அது. 1998-இல் அது தனி இசைத்தட்டாக மீண்டும் வெளிவந்தபோது, அதன் வருவாய் செர்னோபில் குழந்தைகளின் நலனுக்கு வழங்கப்பட்டது.

ஏன் செர்னோபில்? இங்கேதான் அலிசனின் உறுதி வெளிப்படுகின்றது. கணவனின் புகழ் நிழலில் ஒதுங்கியிருக்க அவர் விரும்பவில்லை. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் அரசியலும் சமூகவியலும் பயின்று 1989-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் தலைமகளும் பிறந்தாள். 1986-ஆம் ஆண்டு செர்னோபில் அணுஉலை வெடித்துப் பெலாரஸ் நாட்டை நஞ்சாக்கியது. அங்குள்ள குழந்தைகளுக்கு உதவும் அயர்லாந்து அமைப்பில் சேர்ந்து, 1990-களில் உதவிப் பொருட்களுடன் அங்கே பயணம் செய்தார். 2002-இல், இங்கிலாந்தின் செல்லாபீல்டு அணுநிலையத்தை மூடக் கோரி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்ட அறப்போரின் முன்னணியில் நின்றார். அப்போது மேடை அவருடையது; பார்வையாளராய் நின்று பெருமைப்படும் முறை கணவனுடையது!

பிரிவும் புகழும் நிறைந்த ராக் இசையுலகில் முறிந்த திருமணங்கள் ஏராளம். நிலைத்தவையும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேளக் கலைஞர் சார்லி வாட்ஸ், 1964-இல் மணந்த ஷெர்லியுடன் 2021-இல் தாம் இறக்கும்வரை வாழ்ந்தார். ஊர் ஊராய்ச் செல்லும்போது தாம் படுத்த ஒவ்வொரு விடுதிக் கட்டிலையும் ஓவியமாய் வரைந்து வைப்பது அவர் வழக்கம். வீட்டை விட்டுப் பிரிந்த இரவுகளின் கணக்கு அது! போனோ, அலிசன் இணையரோ நான்கு பிள்ளைகளைப் பெற்று, 2022-இல் தம் மணவாழ்வின் நாற்பதாம் ஆண்டை நிறைவு செய்தனர்.

நம் இல்லங்களுக்கு

வெம்பிளி நமக்குத் தொலைவில் இருக்கலாம். ஆனால் பாடற்குழுத் தலைவரின் மனைவி, நாடக மன்றத்தில் நடிப்பவரின் மனைவி, மாதர் சங்கத் தலைவியின் கணவர் ஆகியோர் நம் பங்கிலேயே இருக்கின்றனர். ஊராரின் பாராட்டு ஒருவரை உயர்த்தும் ஒவ்வொரு முறையும், மற்றவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதாகின்றது. அந்தப் பார்வை பொறாமையாகவும் மாறலாம். வெற்றுப் பெருமையாகவும் தேய்ந்து போகலாம்.

அவ்வாறு ஆகாமலிருக்க இருவரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மேடையில் இருப்பவர் இறங்கிவரக் கற்க வேண்டும். கீழே இருப்பவர் தமக்கென ஒரு பணியை ஏற்க வேண்டும். இருவரும் யாரும் கைதட்டாத ஓரிடத்தில், அது நோயாளியின் படுக்கையருகாக இருந்தாலும், வீட்டுச் சமையற்கட்டாக இருந்தாலும், தோளோடு தோள் நின்று வேலை செய்ய வேண்டும்.

அடுத்த திருவிழாவில் உங்கள் கணவர் பாடும்போது, மறந்துபோகும் சொல்லை நீங்கள் முணுமுணுங்கள். பாடி முடித்தவரோ, மாலையைக் கழற்றியதும் முதலில் மூன்றாம் வரிசைக்கு வந்து, உறங்கும் குழந்தையைத் தம் தோளில் வாங்கிக்கொள்ளட்டும்.