பின்புறம் காட்டும் கண்ணாடி



மாட்டு வண்டியை ஓட்டிச் செல்பவருக்குப் பின்னால் வருவதை அறியக் காதே போதும். அவர் செல்லும் வேகமும் சிறிது. பின்னால் வரும் வண்டியின் சலங்கை ஒலியும் சக்கர ஒலியும் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும். மோட்டார் வண்டியை ஓட்டுகிறவர் நிலை அதுவன்று. தம் வண்டியின் இயந்திர ஒலியே அவர் காதை நிறைத்துவிடுகிறது. கண்களோ முன்பக்கச் சாலையை விட்டு அகலக்கூடாதவை. ஆகவே பின்னால் நடப்பதை அறிய அவருக்குள்ள துணை, உள்ளங்கையிரண்டை அகல விரித்த அளவேயுள்ள ஒரு கண்ணாடித் துண்டுதான். அக்கண்ணாடி பழுதுபட்டால் அதை மாற்றுவது எங்ஙனம் என்பதையும், மாற்றும்போது நாம் பள்ளியில் படித்த ஒளியியல் எவ்வாறு துணைநிற்கிறது என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கண்ணாடியின் வரலாறு சுவையானது. 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டாரதி லெவிட் என்னும் பெண்மணி, கார் ஓட்டும் மகளிருக்கென ஒரு நூல் எழுதினார். கைப்பிடியுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது அதை உயர்த்திப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் அவர் யோசனை கூறினார். இரண்டாண்டுகள் கழித்து, 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 500 மைல் கார்ப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. ஏனைய பந்தயக்காரர்கள், பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்துச் சொல்லத் தம்மருகே ஓர் ஆளை அமர்த்திக்கொண்டனர். ரே ஹரூன் என்பவர் மட்டும் தனியே ஓட்டினார். ஆளுக்குப் பதிலாக அவர் தம் முன்னால் ஒரு கண்ணாடியைச் சட்டம் கட்டிப் பொருத்தியிருந்தார். பந்தயத்தில் வென்றவர் அவரே. ஆயினும் அந்தச் செங்கல் பாதையில் வண்டி அதிர்ந்த அதிர்ச்சியில் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்! இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது பயன்படும்.

நம் சென்னைக்கும் மோட்டார் வண்டித் தொழிலில் நெடிய தொடர்புண்டு. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனத் தொழிற்சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு கார்கள் உருவாயின. வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடர், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினி, 1983ஆம் ஆண்டின் இறுதியில் குர்கானிலிருந்து வெளிவரத் தொடங்கிய மாருதி 800 ஆகியவையும் நம் தெருக்களில் நெடுங்காலம் ஓடின. இவற்றில் எதுவும் இன்று புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஆயினும் அன்போடு பேணப்படும் பழைய வண்டிகள் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின்பார்வைக் கண்ணாடிகள் வயதாவது இயல்பே. அதிலும் பெருங்குடி போன்ற ஊரில், கிழக்கே கடலும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இருக்க, ஈரமும் உப்பும் கலந்த காற்று கண்ணாடியின் ஓரங்கள் வழியே புகுந்து, பின்பக்கத்து உலோகப் பூச்சை அரித்துவிடுகிறது. முதலில் ஓரத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். பிறகு அவை படர்ந்து நடுவே வரும்.

என் பழைய காரின் வலப்புறக் கதவுக் கண்ணாடிக்கும் இதுவே நேர்ந்தது. சாலையோரக் கடை ஒன்றில் அதைக் காட்டினேன். கடைக்காரர் பழைய கண்ணாடியைப் பெயர்த்தெடுத்தார்; வேறொரு கண்ணாடியை அதே வடிவில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. மகிழ்ச்சியோடு புறப்பட்டேன். 2008ஆம் ஆண்டில் ஆறு வழிச் சாலையாக விரிந்த பழைய மகாபலிபுரம் சாலையில் சென்று, வலப்புறம் ஒதுங்கித் திரும்ப வேண்டிய இடம் வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். வேன் ஒன்று தொலைவில் சிறியதாகத் தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று எண்ணி வண்டியை ஒடித்தேன். அடுத்த கணமே செவி அதிரும் ஒலி எழுந்தது; அந்த வேன் என் கதவுக்கு ஒரு முழ தூரத்தில் தடுமாறி நின்றது. நற்காலமாக எவருக்கும் தீங்கு நேரவில்லை.

வீட்டிற்கு வந்து கண்ணாடியை ஆராய்ந்தேன். முன்பு அவ்விடத்தில் இருந்தது சமதள ஆடி. இப்போது ஒட்டப்பட்டிருந்ததோ குவி ஆடி! கடைக்காரரை நான் நோகவில்லை. கண்ணாடி கேட்டேன், கண்ணாடி கொடுத்தார். முப்பதாண்டுக் காலம் கரும்பலகையில் குவி ஆடியின் கதிர்ப்படத்தை வரைந்து காட்டிய நான், என் வண்டியின் கண்ணாடியை ஒரு விரலால்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பிழை என்னுடையதே.

அங்கே நிகழ்ந்தது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமதள ஆடியில், பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, பிம்பம் ஆடிக்குப் பின்னால் அவ்வளவு தொலைவில் தோன்றும், அளவும் மாறாது. குவி ஆடியிலோ பிம்பம் சிறுத்து, ஆடிக்கு அண்மையில் தோன்றும். வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள குவி ஆடி ஒன்றைக் கொள்வோம். அதன் குவியத் தொலைவு ஆரத்தில் பாதி, அதாவது 0.6 மீட்டர். ஆடியிலிருந்து 12 மீட்டர் தொலைவில் ஒரு வேன் வருகிறது. நீங்கள் அறிந்த ஆடிச் சமன்பாட்டின்படி, அதன் பிம்பம் ஆடிக்குப் பின்னால் சுமார் 0.57 மீட்டரில் அமையும். பிம்பத்தின் உயரம் வேனின் உயரத்தில் 21இல் ஒரு பங்கு. ஓட்டுநரின் கண் ஆடியிலிருந்து 0.8 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், கண்ணுக்கு அந்த வேன் எந்த அளவில் தெரியும்? சமதள ஆடியில் 28 மீட்டர் தொலைவிலுள்ள வேன் எவ்வளவு சிறியதாகத் தெரியுமோ, அந்த அளவில் தெரியும்.

இதன் விளைவைப் பாருங்கள். நம் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும், வேன் 60 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாக வைத்துக்கொள்வோம். வேன் நம்மை நெருங்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 8.3 மீட்டர். 28 மீட்டரைக் கடக்க அதற்கு 3 வினாடிக்கு மேல் ஆகும். 12 மீட்டரைக் கடக்கவோ ஒன்றரை வினாடியும் வேண்டியதில்லை. சமதள ஆடிக்குப் பழகிய கண், மூன்று வினாடி இருப்பதாக நினைக்கிறது. உண்மையில் இருப்பதோ அதில் பாதிகூட இல்லை. உயிருக்கும் விபத்துக்கும் இடையே உள்ள தூரம் அந்த இரண்டு வினாடிதான்.

அப்படியானால் குவி ஆடி தீயதா? இல்லை. சிறுத்துக் காட்டுவதனாலேயே அது சாலையின் அகன்ற பரப்பைக் காட்டுகிறது; சமதள ஆடியில் படாத இருசக்கர வண்டியும் அதில் படும். இக்காரணம் பற்றியே இக்காலக் கார்களில் வெளிக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவி ஆடிகளாக அமைக்கப்படுகின்றன. அமெரிக்க நாட்டுச் சட்டமோ, ஓட்டுநர் பக்கத்தில் சமதள ஆடி வேண்டும் என்றும், மறுபக்கத்தில் குவி ஆடி இருப்பின், கண்ணாடியில் தெரிபவை தோற்றத்தைவிட அருகில் உள்ளன என்னும் எச்சரிக்கை அதில் பொறிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. எந்த ஆடியும் நன்றே. எந்த ஆடி என்பதை அறியாமல் ஓட்டுவதே தீது.

இதை அறியும் வழி மிக எளிது. எஃகு அளவுகோலின் நேர்விளிம்பைக் கண்ணாடியின் மேல் குறுக்காக வையுங்கள். முழு நீளமும் படிந்தால் அது சமதள ஆடி. நடுவில் மட்டும் தொட்டு, ஓரங்களில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் அது குவி ஆடி. இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டிலுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியை அதன் அருகே பிடித்து, இரண்டிலும் ஒரே தூணைப் பாருங்கள். தூண் சிறுத்துத் தெரிவது குவி ஆடியில். கடைக்குப் போகுமுன் இதைச் செய்துகொண்டு, அதே வகைக் கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய வண்டிகளின் உதிரி உறுப்புகளுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும், அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பேர்பெற்றவை. கூடுமானவரை பழைய கண்ணாடியையே கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நலம்.

இனி உட்புறக் கண்ணாடியை மாற்றும் முறையைக் கூறுகிறேன். பழைய கார்கள் பலவற்றில் இது முகப்புக் கண்ணாடிக்கு மேலுள்ள கூரைச் சட்டத்தில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் திருப்புளிகொண்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். துருவேறி இறுகியிருந்தால் வலிந்து திருகலாகாது. தலையின் வெட்டு தேய்ந்துவிடும். துரு நீக்கும் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவி, சற்றுப் பொறுத்துப் பிறகு திருக வேண்டும். புதிய கண்ணாடியைப் பொருத்தும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் கையால் தளர்வாக மாட்டி, பின்னர் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

வேறு சில கார்களில் சிறு உலோகப் பொத்தான் ஒன்று முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு அதில் சென்று பொருந்தும். சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஏறும் வெப்பம் இப்பசையைத் தளர்த்திவிடும். பொத்தான் கழன்று விழுந்தால், முதலில் அது இருந்த இடத்தை வெளிப்புறத்தில் மெழுகுக் கோலால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உட்புறத்தில் எஞ்சிய பசையைச் சவர அலகால் படுக்கையாக வைத்துச் சுரண்டி, சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பின்பார்வைக் கண்ணாடிக்கென்றே விற்கும் பசையை ஒரு துளி மட்டும் இட்டு, பொத்தானை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உறையின்மேல் அச்சிட்ட நேரம்வரை காத்திருந்து, அதன் பின்னரே கண்ணாடியை மாட்ட வேண்டும். பொறுமையின்றி உடனே மாட்டுபவர், மறுநாளே அதைக் காலடியில் காண்பார். பழைய வண்டிகளின் முகப்புக் கண்ணாடி பல, ஒரு கீறலிலிருந்தே முழுதும் நொறுங்கத்தக்க வன்மைக் கண்ணாடி. ஆகையால் சுத்தியலோ, உளியோ அதன் அருகே வரலாகாது.

எப்படிப் பொருத்தினாலும் கண்ணாடி ஆட்டமின்றி நிற்க வேண்டும். ரே ஹரூனை நினைவு கூருங்கள். ஆடி ஒரு கோணம் திரும்பினால், எதிரொளித்த கதிர் அதைப் போல் இரு மடங்கு கோணம் திரும்பும் என்பது ஒளியியல் விதி. ஆடி அரைப் பாகை அசைந்தால் கதிர் ஒரு பாகை விலகும். முப்பது மீட்டர் தொலைவில் அது அரை மீட்டருக்கும் மேற்பட்ட விலகலாகிவிடும். இத்தகைய ஆட்டத்தில் வருவது லாரியா, ஆட்டோவா என்றுகூடப் பிரித்தறிய இயலாது.

உட்புறக் கண்ணாடி பலவற்றின் கீழே சிறு நெம்புகோல் ஒன்றிருக்கும். அது ஏன் என்று உங்களில் பலர் வியந்திருக்கலாம். அக்கண்ணாடி ஆப்பு வடிவில், ஒரு விளிம்பில் தடித்தும் மறு விளிம்பில் மெலிந்தும் இருக்கும். பகலில் பின்பக்கத்து உலோகப் பூச்சு ஒளியின் பெரும்பகுதியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. இரவில் நெம்புகோலைத் தள்ளினால் கண்ணாடி சற்றே சாய்ந்து, அந்தப் பேரொளி கூரைப் பக்கம் போய்விடும். பூச்சில்லாத முன்பரப்பு எதிரொளிக்கும் ஏறத்தாழ நூற்றில் 4 பங்கு ஒளி மட்டும் கண்ணை அடையும். பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாது. ஆனால் வண்டி வருவது தெரியும். மாற்றுக் கண்ணாடி வாங்கும்போது, மலிவு கருதி இந்த அமைப்பில்லாததை வாங்கிவிடாதீர்கள்.

மாற்றி முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. முதலில் இருக்கையைச் சரிசெய்து, வழக்கம்போல் அமர வேண்டும். உட்புறக் கண்ணாடியில் பின்பக்கச் சாளரம் முழுவதும் தெரியுமாறு திருப்ப வேண்டும். வெளிக் கண்ணாடியில் நம் வண்டியின் பக்கம் ஒரு சிறு கீற்றாகத் தெரிந்தால் போதும். பழைய வண்டிகள் பலவற்றில் இடப்புறக் கண்ணாடியே இருந்ததில்லை. அதைப் புதிதாகப் பொருத்திக்கொள்வது நன்று. இவ்வளவும் செய்தபின், நண்பர் ஒருவரை வண்டியைச் சுற்றி மெல்ல நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் எல்லாக் கண்ணாடிகளிலிருந்தும் மறைகிறார் என்று கவனியுங்கள். அவ்விடமே மறைவிடம். எவ்வளவு நல்ல கண்ணாடியும் அதை முற்றிலும் நீக்குவதில்லை. பக்கம் மாறுமுன் கழுத்தைத் திருப்பி ஒருமுறை பார்ப்பது ஒன்றே அதற்கு மருந்து.

நான் மறுநாளே அக்கண்ணாடியை மாற்றி, சமதள ஆடியைப் பொருத்திக்கொண்டேன். கழற்றிய குவி ஆடியை எறிந்துவிடவில்லை. என் மேசைமேல் வைத்திருக்கிறேன். என்னைக் காண வரும் மாணவர்களிடம் அதையும் ஓர் அளவுகோலையும் கொடுத்து, இது எவ்வகை ஆடி என்று கேட்பது வழக்கம். சூத்திரத்தைத் தவறின்றிச் சொல்பவர் பலர். அளவுகோலைக் கையில் எடுப்பவர் சிலரே. நானும் ஒருநாள் அந்தப் பலருள் ஒருவனாக இருந்தேன். நீங்கள் அந்தச் சிலருள் ஒருவராக இருங்கள். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் கண்ணாடியை, அது காரோ ஸ்கூட்டரோ, ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.