தடிமன்தானே என்று இருந்துவிடலாமா?

குழந்தைக்கு மூக்கு ஒழுகுகின்றது, இரண்டொரு தும்மல், சிறிது காய்ச்சல். “தடிமன்தானே, தன்பாட்டில் மாறிவிடும்” என்பர் வீட்டிலுள்ள பெரியோர். பெரும்பாலும் அவர் கூற்றுப் பொய்ப்பதில்லை. எனினும், நம் அயல் வீடொன்றில் நான்கு மாதச் சிசுவுக்கு வந்த தடிமன் நான்காம் நாளிரவு மூச்சுத் திணறலாக மாறியதையும், ஒட்சிசன் கொடுத்தே அதனைக் காக்க வேண்டியிருந்ததையும் நாம் கண்டோம். அத்தடிமனை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் பாடசாலை செல்லும் தமையன். அவனுக்கோ இரண்டு நாள் மூக்குச் சிந்தியதோடு சரி. ஒரே நோய் ஒருவனுக்கு விளையாட்டாகவும் மற்றொரு பிள்ளைக்கு உயிர்ப் போராட்டமாகவும் அமைவது ஏன்?

தடிமனை உண்டாக்கும் வைரசுகள் பல. ரைனோ வைரசு என்னும் ஓரினத்தில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் உள. இளஞ் சிசுக்களுக்கு மிகவும் கொடியது ‘ஆர்.எஸ்.வி.’ எனச் சுருக்கி வழங்கப்படும் வைரசாகும். இரண்டு வயது நிரம்புமுன் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையேனும் தொற்றிவிடுகின்றது. சில சிசுக்களில் இது மூக்கோடு நில்லாது நுரையீரலின் நுண்குழல்கள் வரை இறங்குகின்றது. அங்கே குழலின் உட்சுவர் வீங்க, இறந்த கலங்களும் சளியும் வழியை அடைக்கின்றன.

பௌதிகவியல் பயிலும் மாணவர் ஒன்றறிவர். ஒடுங்கிய குழலினூடு செல்லும் ஓட்டத்துக்கு ஏற்படும் தடை, ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமமானது. ஆரை பாதியாகக் குறையின் தடை பதினாறு மடங்காகும். தமையனது அகன்ற குழலில் சிறிதளவு வீக்கம் பெரிதாகத் தோன்றாது. தம்பியின் நூல்போன்ற குழலில் அதே வீக்கம் மூச்சையே மறித்துவிடும். குறைமாதத்தில் பிறந்தோருக்கும், பிறவியிலேயே இருதயநோய் உடையோருக்கும் அபாயம் இன்னும் அதிகம்.

இவ்வைரசு முதன்முதல் அறியப்பட்டது மனிதரிடத்தன்று. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வுகூடமொன்றிலிருந்த சிம்பன்சிக் குரங்குகளுக்குத் தடிமன் கண்டது. அவற்றிடமிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ரொபேட் சனொக் என்னும் அறிஞர் பால்ரிமோர் நகரக் குழந்தைகளிடத்தும் இதனைக் கண்டார். 1960களின் நடுவில் வைரசைக் கொன்று தயாரித்த தடுப்பூசியொன்று சிசுக்களுக்கு ஏற்றப்பட்டது. விளைவு விபரீதமாயிற்று. ஒரு பரிசோதனையில், ஊசி பெற்றுப் பின் தொற்றுக்குள்ளானவர்களுள் நூற்றுக்கு 80 பேர் வைத்தியசாலை சேர நேர்ந்தது. இரு சிசுக்கள் இறந்தன. காக்க வந்த மருந்தே நோயை வளர்த்த கொடுமை அது.

அத்தோல்வியின் காரணம் தெளிவாகப் பல்லாண்டுகள் சென்றன. வைரசின் மேற்பரப்பிலுள்ள புரதமொன்று கலத்தோடு இணையுமுன் ஒரு வடிவும், இணைந்தபின் வேறு வடிவும் கொள்ளும். பழைய ஊசி உடலுக்குக் காட்டியது பெரும்பாலும் பிந்திய வடிவையே. முந்திய வடிவின் அமைப்பு 2013இல் வெளிப்பட்டது. அதன் பயனாக, கருவுற்ற தாய்க்கு ஏற்றி, பிறக்கவுள்ள சிசுவைக் காக்கும் தடுப்பூசி 2023இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. சிசுவுக்கே நேரடியாக ஏற்றும் பிறபொருளெதிரி மருந்தும் உண்டு. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வைரசினால் உலகெங்கும் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளிற் பிறந்தவர்கள் என்பதை எண்ணுங்கால் இம்மருந்துகள் எங்கும் எட்டவேண்டியதன் அவசியம் புலனாகும்.

இனிப் பெற்றோர் கவனிக்கத்தக்கவை. நோய் உக்கிரமடைவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்குமிடையில் ஆகும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்னும் அளவை அது எட்டினாலோ மிஞ்சினாலோ உடனே வைத்தியரிடம் செல்க. விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, உதடு நீலம் பாரித்தல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திருத்தல் தகாது.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பக்டீரியாவை அழிப்பனவேயன்றி வைரசை அழிப்பனவல்ல. ஆதலின் அவற்றைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் வீண். தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டுதல், மூக்கடைப்பை நீக்குதல், வீட்டிற் புகைபிடியாமை என்பனவே நல்ல துணை. தடிமன் உள்ளவர் கை கழுவாது சிசுவைத் தூக்கலாகாது; முத்தமிடலும் ஆகாது.

நம் அயல் வீட்டுச் சிசு பிழைத்தது. அதன் பேர்த்தியார் நள்ளிரவில் விளக்கை ஏற்றி, அதன் நெஞ்சு உட்குழிவதைக் கண்டு மற்றவர்களை எழுப்பியதே அதற்குக் காரணம். தடிமனுக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அச்சிறு நெஞ்சின்மீது ஒரு கண் இருக்கட்டும்.