அரண்மனையைக் காணோம், குளியலறை இருக்கிறது

சிந்துவெளி என்று பேச்செடுத்தால் போதும், நம்மில் பலர் நேராக எழுத்துக்குப் போய்விடுவோம். அது தமிழா, வேறு மொழியா, எழுத்துத்தானா? கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-ல் அந்தக் குறிகளுக்கெல்லாம் தொடரடைவு வெளியிட்டார். கடைசிவரை அவற்றின் திராவிட வேர்களைத் தேடினார். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, அதைப் புரியவைப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்த வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். முத்திரைக்குச் சராசரியாக ஐந்து குறிகள். டீ ஆறுவதற்குள் தீருகிற விஷயம் இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஊர்க்காரர்களைப் பற்றி விவரமாகச் சொல்வது அவர்களுடைய செங்கல்லும் சாக்கடையும்தான்.

செங்கல்லில் தொடங்குவோம். மொகஞ்சதாரோ வீடுகளில் ஒரு கல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கனம், 14 அகலம், 28 நீளம். பெரிய மதில் வேலைகளுக்குக் கல் பெரிதாகும். ஆனால் ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற விகிதம் மாறாது. அதில் என்ன விசேஷம் என்று எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள். இரண்டு கல்லை அகலவாட்டில் ஒட்டி வைத்தால் ஒரு கல்லின் நீளம் வந்துவிடும். ஒரு வரிசையை நெடுக்கில் வைத்து, அடுத்த வரிசையைக் குறுக்கில் வைக்கலாம். கல்லை அதிகம் உடைக்க வேண்டாம். கீழ் வரிசையின் இடுக்குக்கு நேர் மேலே மேல் வரிசையின் இடுக்கு வராது. வந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும்.

இதே விகிதம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் ஹரப்பாவிலும் இருக்கிறது, குஜராத்தின் லோத்தலிலும் இருக்கிறது. சுட்ட விதமும் தேர்ந்தது. 1850-களில் லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பா மேட்டிலிருந்து கல்லை வண்டி வண்டியாக அள்ளித் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு அது காணுமாம்! 1921-ல் தயாராம் சாஹ்னி அங்கே தோண்டப் போனபோது பல வீடுகளின் சுவரே மிஞ்சவில்லை. அதனால்தான் வீடு எப்படி இருந்தது என்று பார்க்க, அடுத்த ஆண்டு ராக்கல்தாஸ் பானர்ஜி தோண்டத் தொடங்கிய மொகஞ்சதாரோவுக்குப் போகிறோம்.

பெரிய தெருவில் நடந்தால் இருபுறமும் பெரும்பாலும் வெறும் சுவர்தான். வாசல், பக்கத்துச் சந்தில் இருக்கும். நுழைந்ததும் முற்றம் தெரியாதபடி ஒரு நடை திரும்பும். அப்புறம் முற்றம், அதைச் சுற்றி அறைகள், சில வீடுகளில் மாடிக்குப் படி. தெருவை ஒட்டிய சுவர் ஓரமாகக் குளியலறை. அதன் தரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி, இடுக்கில் நகம் நுழையாத அளவுக்கு நெருக்கி, மேலே தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் வெளியே சிதறாமல் சுற்றிலும் சிறு வரப்பு. தரை முழுக்க ஒரு மூலையை நோக்கி வாட்டம். மூலையில் சுவரைத் துளைத்து ஒரு வழி, அங்கிருந்து தெருச் சாக்கடைக்கு. புது அடுக்குமாடி வீட்டில் குளியலறைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வாட்டத்தின் அருமை தெரியும்.

தெருச் சாக்கடையும் செங்கல் கட்டுதான். மேலே செங்கல்லோ கற்பலகையோ மூடி; வேண்டும்போது எடுத்துவிட்டு உள்ளே பார்க்கலாம். இடையிடையே சிறு தொட்டிகள்: வண்டல் அடியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் தாண்டிப் போகும். சாக்கடை ஓரங்களில் அள்ளிப் போட்ட மண் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்ததை அகழ்ந்தவர்கள் பார்த்தார்கள். ஆக, கட்டிவிட்டுப் போனதோடு முடியவில்லை. யாரோ தவறாமல் வந்து தூர் வாரியிருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் நேர் இணைப்பு இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. சில வீட்டுக் கழிவுநீர் சந்தில் புதைத்த பானையில்தான் விழுந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? சிந்து நதி பக்கத்தில் ஓடியும் ஊருக்குள்ளேயே கிணறு வெட்டிக்கொண்டார்கள். மொகஞ்சதாரோவில் மட்டும் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் மைக்கேல் யான்சன் போட்ட கணக்கு. கிணற்றுச் சுவருக்கு ஒருபக்கம் குறுகிய, ஆப்பு வடிவச் செங்கல்லைத் தனியாகச் செய்தார்கள். வட்டமாக அடுக்கினால், வெளியே இருந்து மண் நெருக்க நெருக்கக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்தவர்கள் எடுத்துவிட்டதால் இன்று அந்தக் கிணறுகள் புகைபோக்கி மாதிரி நெட்டுக்கு நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை: படுக்கைவாட்டில் இந்த வித்தை தெரிந்தவர்கள், அதையே நிமிர்த்தி வளைவாக்கவில்லை. பெரிய சாக்கடைக்குக் கூரை வேண்டும் என்றால், இருபுறமும் கல்லைப் படிப்படியாக உள்ளே நீட்டி நடுவில் சேர்த்துவிட்டார்கள்.

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்துக் கழிவுநீர் போகும் வழி அப்படிப்பட்டதுதான். ஆள் நிமிர்ந்து நடக்கலாம். குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். ஜிப்சம் கலவையில் நெருக்கிக் கட்டிய சுவர், அதன் பின்னால் கசிவைத் தடுக்க நிலக்கீல் பூச்சு, மறுபடி ஒரு சுவர். வடக்கிலும் தெற்கிலும் படிகள். சடங்குக்கு முழுகிய இடம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இவ்வளவு செலவைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இனி, இல்லாததைப் பற்றி. ஏறக்குறைய இந்த நகரங்கள் எழுந்த காலத்தில்தான் எகிப்தில் ஒரே அரசனுக்காக கீஸாவின் பெரிய பிரமிடு எழுந்தது. இங்கே இதுதான் அரண்மனை, இதுதான் அரச கல்லறை என்று எல்லோரும் ஒப்புகிற ஒன்றும் கிடைக்கவில்லை. ‘பூசாரி அரசன்’ என்று படத்தில் பார்க்கிறோமே, அந்தக் கற்சிலையின் உயரம் 17.5 சென்டிமீட்டர், பட்டம் நம் காலத்து ஆட்கள் கட்டியது. அதற்காக எல்லோரும் சமம் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஓர் அறைக் குடியிருப்பும் உண்டு, பல முற்றம் வைத்த மாளிகையும் உண்டு. கனசதுரமாகச் செதுக்கிய எடைக்கற்கள் ஊருக்கு ஊர் ஒத்துப்போகின்றன: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போய், பதினாறு பங்குக் கல் சுமார் 13.7 கிராம். அதிகாரம் இல்லாமல் இந்தக் கட்டுப்பாடு வராது. அந்த அதிகாரம் தன் பெயரைப் பெரிதாக நிறுத்திக்கொள்ளாமல் கிணற்றிலும் வடிகாலிலும் செலவழித்தது என்பதுதான் விசித்திரம்.

சிந்துவெளியின் இன்னொரு நகரமான தோலாவிராவுக்கு வந்தால் வற்றாத ஆறே கிடையாது. கட்ச் ரண்ணில், காதிர் தீவில், இரண்டே இரண்டு மழைக்கால ஓடைகள்: மான்சர், மன்ஹர். அவற்றில் தடுப்பணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மதிலை ஒட்டி வரிசையாக நீர்த்தேக்கங்களில் நிரப்பினார்கள். ஒன்று 70 மீட்டருக்கு மேல் நீளம், இறங்குவதற்குப் படிகளோடு. கட்டுமானத்தில் பெரும்பகுதி கல். அங்கே வடக்கு வாசல் பக்கம் பத்துப் பெரிய எழுத்துகள் கொண்ட பெயர்ப்பலகையும் கிடைத்தது. அதை இன்றைக்கு எடுக்க மாட்டேன்.

கி.மு. 1900 வாக்கில் பெருநகரங்கள் கலைகின்றன. பருவமழை தளர்ந்ததும் ஆறுகள் தடம் மாறியதும் காரணங்களில் சேரும். மொகஞ்சதாரோவின் நல்ல காலத்தில் தெரு மட்டம் உயர உயரச் சாக்கடைச் சுவரையும் உயர்த்திக் கட்டினார்கள். கடைசி அடுக்கில் பெரிய வீடுகளைத் தடுத்துச் சிறு அறைகளாக்கியிருக்கிறார்கள். குடியிருப்புகளுக்கு நடுவில் குயவர் சூளை எரிந்திருக்கிறது. மக்கள் குஜராத்துக்கும் ஹரியானா பக்கமும் சிற்றூர்களாகப் பிரிந்தார்கள். பயிர்த்தொழிலும் பானை வனைவதும் மணி கோப்பதும் கூடவே போயின. ஊர் முழுக்க இணைத்த சாக்கடை போகவில்லை.