இடது கைக்கும் ஒரு பங்கு

நம் சங்கக் குடும்பங்களில் பல பிள்ளைகள் இப்போது கம்ப்யூட்டரில் தாள விளையாட்டு ஆடுகிறார்கள். பாட்டு ஓடும்போதே திரையில் வரிசை வரிசையாகக் கட்டைகள் இறங்கும். அவை கோட்டைத் தொடும் கணத்தில் உரிய விசையைத் தட்ட வேண்டும். 1997-இல் ஜப்பானில் கோனாமி நிறுவனம் கொண்டுவந்த 'பீட்மேனியா' இவ்வகைக்குப் பாதை போட்டது. என் பேரன் ஆடுவது, ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் 2007-இல் வெளியிட்ட 'ஓசு'. அதன் நான்கு விசை ஆட்டத்தில் டி, எஃப் இடக்கைக்கு. ஜே, கே வலக்கைக்கு.

பேரனுக்கு வலக்கை நன்றாக ஓடும். இடக்கை பாதிப் பாட்டிலேயே தளர்ந்துவிடும். மிருதங்க வகுப்பிலும் அதே கதைதான். வலந்தலை பேசும், தொப்பி முனகும். "எனக்கு இடது கை வராது தாத்தா, மிருதங்கத்தை விட்டுடறேன்" என்று அவன் சொன்ன பிறகே நான் இதில் தலையிட்டேன்.

ரயில்வேயில் ஒரு பழைய வழி உண்டு. ஓர் இடத்தில் எல்லாப் பெட்டிகளும் ஆடினால் குறை தண்டவாளத்தில். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் ஆடினால் குறை அந்தப் பெட்டியில். ஓசுவில் 'மிரர்' என்றொரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் இடப்பக்கக் கட்டைகள் வலப்பக்கம் போய்விடும். அப்போதும் இடக்கையே தவறவிட்டால் பலவீனம் கையில். தவறுகள் வலக்கைக்கு மாறினால் கடினம் பாட்டின் அமைப்பில். பேரனுக்கு இடக்கையேதான் தவறியது.

இனி பயிற்சி. முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். 'ஹாஃப் டைம்' என்ற வசதி, பெயர் எப்படியிருந்தாலும், பாட்டை முக்கால் வேகத்தில் ஓட்டும். நிமிடத்துக்கு 160 தட்டு 120 ஆகும். மிருதங்கத்தில் முதல் பாடத்தையே மூன்று காலங்களில் வாசிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இரண்டாவது, கை களைப்பதற்கு முன்பே, முதல் பத்து நிமிடம் இடக்கைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அதன்பின் இடம், வலம், இடம், வலம் என்று ஒரே சீராகத் தட்டலாம்.

மூன்றாவது, விரல் அழுத்துவதை மட்டுமல்ல, எழும்புவதையும் கவனிக்க வேண்டும். இடக்கை விரல் பல நேரம் சரியாகவே அழுத்துகிறது, எழும்பத்தான் தாமதிக்கிறது. அதனால் அடுத்த தட்டு பிந்துகிறது. நம்மில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: இடச் சுண்டுவிரல் அடித்த 'ஏ' மட்டும் தாளில் மங்கலாக விழும். அதைச் சரிசெய்தது வேகமல்ல, நிதானமான அழுத்தமே.

இதைச் சில மாதங்களாகச் செய்து வருகிறோம். இரு கையும் சமமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரன் மிருதங்க வகுப்பை விடவில்லை.

பெற்றோர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கட்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்கக் கூடாது. இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை கைகளை உதறி ஓய்வு கொடுக்கட்டும். வலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கை பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் வேண்டும். விளையாட்டு நாளைக்கும் இருக்கும்.